சக்கரத்தைத் தொடாதே

மெரில் போன பிறகு, எங்கள் படகுத்துறையில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றையேதான் சொன்னார்கள். "படகு எறக்கறப்போ சொல்லு வெர்னா, நான் வந்து சக்கரத்தைப் பிடிச்சுக்கறேன்." தபால் நிலையத்தில் சொன்னார்கள். மளிகைக் கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். சாவுக்கு வந்தவர்கள் விட்டுப்போன பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் சொன்னார்கள். பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய காகித நாடா ஒட்டியிருக்கும். மார்ச் முழுக்க அந்தப் பெயர்களைப் படித்துப் படித்து வீடு வீடாகப் போனேன். நல்ல மனிதர்கள். எல்லோரிடமும் "சரி, சொல்றேன்" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன்.

மெரில் என் கணவர். பிப்ரவரியில் பெரிய பனி கொட்டிய மறுநாள் காலை, வீட்டை ஒட்டி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த எங்கள் பாய்மரப் படகின் மேலுறையிலிருந்து பனியைத் தள்ளப் போனார். பனியின் கனத்தில் உறை கிழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு. காப்பி ஆறிப்போகிறதே என்று நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். படகின் அடியில் ஏணிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துடைப்பம் மடியில் இருந்தது. இளைப்பாறுகிறார் என்றுதான் நினைத்தேன்.

படகின் பெயர் அடீலியா. மெரிலின் அம்மா பெயர். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் அவரவர் இடம் உண்டு. அவர் பின்பக்கம், சுக்கானைத் திருப்பும் சக்கரத்தில். நான் முன்னால், அணியத்தில், கயிறுகளோடும் கொக்கிக் கழியோடும். திரும்பி வரும்போது, கடலடியில் கல்லோடு கட்டி மிதக்கவிட்டிருக்கும் எங்கள் மிதவையைக் கழியால் கொக்கி போட்டு இழுத்து, அதன் கயிற்றைப் படகில் மாட்டுவது என் வேலை. நான் மாட்டி முடிக்கும்வரை படகை அந்த இடத்தில் நிறுத்திவைப்பது அவர் வேலை. கத்த மாட்டார். நான் கையைத் தூக்கினால் அவருக்குப் புரியும். எத்தனையோ கோடைகள் இப்படியே போயின. நாங்கள் இடம் மாற்றிக்கொண்டதே இல்லை.

தனி ஆளாகப் படகு ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் பொருத்திய தூணின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகுப்பிடி. அதை முறுக்கினால் உள்ளே இரண்டு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். சக்கரம் அப்படியே நிற்கும், சுக்கான் அலையாது, நீங்கள் முன்னால் போய் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் படகில் அது வேலை செய்ததே கிடையாது. எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். "இதைச் செஞ்சவன் திருடன்" என்பார் மெரில். நங்கூரம் போட்ட இடங்களில் சக்கரத்தை ஒரு பழைய கயிற்றால் கட்டிவைப்பார். ஓடும் படகில் அது சரிப்படாது. கயிறு கட்டி முடிப்பதற்குள் காற்று படகின் மூக்கைத் திருப்பிவிடும்.

மே மாதத்தில் கிளேட்டன் வந்தான். துறைமுகத்தின் அதிகாரி அவன்தான். மற்ற நேரத்தில் சிங்கி இறால் பிடிக்கிறவன். பள்ளி நூலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் அவன் ஆறாம் வகுப்பு. இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"மிசஸ் ஹாட்ச், ஒரு விஷயம். சொல்றதுக்கே சங்கடமா இருக்கு."

"பாம்புப் புத்தகமா? நீ எடுத்துட்டுப் போயி எவ்ளோ வருஷம் ஆச்சு, விடு கிளேட்டன்."

சிரித்துவிட்டான். "அது எங்கம்மா வீட்டுப் பரண்ல இருக்கு. கண்டிப்பா கொண்டாந்து தர்றேன். இது மிதவை விஷயம்."

எனக்குத் தெரியும். எங்கள் துறையில் மிதவை இடம் யாருக்கும் சொத்து இல்லை. படகைக் கொண்டுவந்து கட்டினால்தான் இடம். ஒரு கோடை காலியாக விட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். எங்கள் இடத்தில் அடியில் கிடக்கும் கருங்கல்லை மெரிலின் அப்பா குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலே எருது வைத்து இழுத்துப்போய் இறக்கியதாகச் சொல்வார்கள். அதெல்லாம் கணக்கில் வராது.

"ஜூலை கடைசிக்குள்ள அடீலியா அங்க நிக்கணும்" என்றான் கிளேட்டன். "விதியை நான் எழுதல. வெயில் காலத்துக்கு மட்டும் வர்ற கோடைக்காரங்க வரிசையில நிக்கறாங்க. அதுல ஒருத்தர் வக்கீல் வேற, வாரா வாரம் போன் பண்றார். நீங்க கவலைப்படாதீங்க, நானே என் படகுல இழுத்துட்டுப் போயிக் கட்டிடறேன். ஒரு காப்பி குடிக்கிற நேரந்தான்."

"கட்டிட்டு? அப்புறம் நான் வெளிய போகணும்னா உன்னைக் கூப்பிடணும். திரும்பி வரணும்னாலும் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க."

"நீ விடியறதுக்குள்ள இறால் கூண்டு இழுக்கப் போயிடுவ."

"ஆரின் இருக்காரே."

ஆரின் இருந்தான். மெரிலின் தம்பி. ஊர்ச் சாலைகளில் பனி வழிக்கும் வண்டி ஓட்டினான். ஊர் மறுகோடியை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வருவதாக மெரில் போன அன்று காலை அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தான். வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சட்டி வேகவைத்த பீன்ஸோடு என் அடுக்களையில் வந்து உட்கார்ந்தான். நன்றாகச் சமைப்பான் என்று சொல்ல முடியாது. வெல்லப்பாகை அள்ளி ஊற்றுவான்.

"நீ முன்னாடி நில்லு, நான் சக்கரத்துல நிக்கறேன்" என்றான் அந்தச் சனிக்கிழமை. "மெரில் இருந்தப்போ எப்படியோ அதே மாதிரி."

"அதே மாதிரியா?"

அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, மாதிரி இல்ல. ஆனா ஒரு ஆள் வேணுமில்ல?"

"எனக்கு ஆள் வேண்டாம் ஆரின். பிரேக் வேணும்."

"அந்த பிரேக்கா! வாங்குன நாள்லேர்ந்து அது ஒரு வேலையும் செஞ்சதில்ல. தம்பி மாதிரியேன்னு உன் புருஷன் சொல்லுவான்."

"தம்பியாவது சனிக்கிழமைக்கு பீன்ஸ் கொண்டு வர்றான்."

"வித்துடு வெர்னா." இதை மெதுவாகச் சொன்னான். "எனக்கும் பிடிக்கல. ஆனா நீ தனியா போறத நான் கரையில நின்னு பார்க்கணுமா? உன்னையும் நான் லேட்டா வந்து பார்க்கணுமா?"

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. "ஒண்ணு பண்ணுவோம்" என்றேன். "நான் பிரேக்கைச் சரி பண்றேன். நீயும் படகுல வந்து உட்காரு. யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது. நான் முன்னாடி போயி மிதவையை எடுத்துக் கட்டிட்டா, நீ இதுக்கப்புறம் விக்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"கட்ட முடியலேன்னா?"

"விற்பனைக்குன்னு பலகையை நீயே மாட்டு."

ஆரின் கையை நீட்டினான். குலுக்கினேன். அவன் பாதி பீன்ஸைச் சாப்பிடாமலே போய்விட்டான்.

படகில் ஏற, அந்த ஏணியில்தான் ஏற வேண்டும். வேறு வழியில்லை. ஏணியின் அடியில் அந்த இடத்தை மிதிக்காமல் பக்கவாட்டில் காலை வைத்து ஏறப் பழகிக்கொண்டேன்.

தூணின் உச்சியில் திசைகாட்டி இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் உள்ளே கை விட முடியும். கழற்றுவதற்கு முன் அதன் விளிம்பிலும் தூணிலும் சேர்த்து ஒரு துண்டு நாடா ஒட்டி, நடுவில் கத்தியால் கீறினேன். திரும்ப வைக்கும்போது ஒரு மயிரளவு திரும்பியிருந்தாலும் அது பொய் சொல்லும். நாடா ஒட்டியது சுலபம். திருகுகள் வர மறுத்தன. எஃகுத் திருகு, அலுமினியத் தூண், நடுவில் இத்தனை வருட உப்பு. மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தன. திருகுகளின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வினிகர் ஊற்றினேன். சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்து அழுத்தினேன். சுத்தியலால் மெல்லத் தட்டினேன். கொஞ்சம் செய்வேன், பிறகு படகின் பலகையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. பக்கத்து வீட்டு நாய் வந்து கீழே நின்று என்னை அண்ணாந்து பார்க்கும். கடைசித் திருகு வருவதற்குள் தோட்டத்தில் மஞ்சள் லில்லிகள் மொட்டு விட்டுவிட்டன.

திசைகாட்டியைத் தூக்கி, கைவிளக்கை உள்ளே அடித்தேன். பல்சக்கரம், அதன் மேல் சங்கிலி, குறுக்கே அச்சு. துரு இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. எல்லாம் எண்ணெயில் மினுங்கியது.

எங்கும் எண்ணெய். சங்கிலியில், தூணின் உட்சுவரில், அச்சு நெடுகிலும். பிரேக் கட்டைகளைத் தாங்கும் கம்பியின் ஊசியை இழுத்து அவற்றை வெளியே எடுத்தேன். கையில் வழுக்கி ஒன்று கீழே விழுந்தது. தேனடை போல ஊறிப்போயிருந்தன. விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிந்தது.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. தூணின் உச்சியில், அச்சு சுற்றும் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடுவதற்கு இரண்டு சின்னத் துளைகள் உண்டு. துளைக்கு ஓரிரு சொட்டு போதும். ஆனால் மெரிலுக்கு மனசு கேட்காது. வசந்தத்தில் உறையை எடுத்ததும் முதல் காரியம் எண்ணெய்க் குப்பிதான். தோசைக்கல்லிலிருந்து எடுத்த பான்கேக்குக்கு மேப்பிள் பாகு ஊற்றுவது போல ஊற்றுவார். எங்கள் சக்கரம் அவ்வளவு சத்தமில்லாமல் சுற்றும். கோடைக்காரர்கள் ஏறிவந்து ஒரு விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "எப்படி இவ்வளவு லேசா இருக்கு?" என்று கேட்பார்கள். மெரில் பதில் சொல்ல மாட்டார், சும்மா நிற்பார். அவருடைய கர்வமெல்லாம் அந்த நிற்றலில் இருக்கும். பேரிங் குடித்தது போக மீதி அச்சு வழியாக வழிந்து பிரேக் கட்டைகளில் இறங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்காதபோதெல்லாம், எங்கேயோ இறுகிக்கிடக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்.

பிரேக்கைச் செய்தவன் திருடன் இல்லை. பாவம், நல்லவன்.

படகில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறை. உடனே இதை அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. எப்படி முகம் சிவந்து மறுப்பார் என்று கண்ணுக்குத் தெரிந்தது. கைவிளக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

ஆரினுக்குப் போனில் சொன்னேன்.

"எண்ணெயா? பிரேக்குலயா?" அவன் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "ஐயோ கடவுளே. சின்ன வயசுல எங்க வீட்டுக் கதவுக் கீலுக்கு அவன் விட்ட எண்ணெயில அம்மாவோட சர்ச்சு கவுன் போச்சு. அடி வாங்குனது யாரு தெரியுமா?"

"நீயா?"

"நாந்தான். அவன் வாயே தெறக்கல." பிறகு அவனே சொன்னான். "வெர்னா, கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடு."

வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவி, விறகடுப்பின் மேல் தட்டில் பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்தேன். சூட்டில் எண்ணெய் உள்ளிருந்து கசிந்து காகிதத்தில் பரவும். காகிதத்தை மாற்றுவேன். மறுபடி கழுவுவேன். மறுபடி கசியும். அடுக்களை முழுக்க மெரிலின் வேலைச் சட்டையின் வாசனை. ஜூன் மாதத்தில் விறகடுப்பு எரிப்பதைப் பார்த்துவிட்டு, கடிதம் போட வந்த பெண் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுதான் சுருக்கமான பதில்.

கறை நாளுக்கு நாள் சின்னதானது. ஒரு நாள் காலை காகிதம் வெள்ளையாகவே இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். அச்சைத் துணி வைத்துத் துடைத்தேன், துணி கறுக்காமல் வரும்வரை. சோதிக்க ஆரினைக் கூப்பிட்டேன். நான் மேலே திருகுப்பிடியை முறுக்கினேன். அவன் கீழே நின்று சுக்கானுக்குத் தோள் கொடுத்துத் தள்ளினான்.

"தள்ளுறியா?"

"தள்ளறேன்! நீ பிரேக் போட்டிருக்கியா, இல்ல அங்க உட்கார்ந்து டீ குடிக்கறியா?"

சக்கரம் மெதுவாக, நிற்காமல், என் கண்ணெதிரே நகர்ந்தது. கட்டைகளின் உள்ளாழத்தில் இன்னும் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். ஆரின் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் நீட்டினான். என் முகத்தைப் பார்த்தான். 

"நானே பலகை எழுதிடறேன்" என்றான். "நல்ல எழுத்துல எழுதறேன்."

"ஜூலை இன்னும் முடியல."

அன்றைக்கே புதுக் கட்டைகளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவை உலர்ந்து, வெளிறி, யார் வாசனையும் இல்லாமல் இருந்தன. பழையவற்றை அடுக்களை ஜன்னலில் வைத்தேன். புதியவற்றைப் பொருத்தி, கம்பியில் ஊசியைச் சொருகி, அதன் நுனியை வளைத்துவிட்டேன். பேரிங்குக்கு எண்ணெய் விட மெரிலின் குப்பியைத்தான் எடுத்தேன். ஒரு துளையில் இரண்டு சொட்டு, மறு துளையில் இரண்டு சொட்டு. குப்பியின் மூக்கில் இன்னொன்று தொங்கியது. துணியால் துடைத்தேன். நாடாவின் இரண்டு பாதியும் கீறலில் நேராகச் சேரும்படி திசைகாட்டியை வைத்தேன்.

ஆரின் மறுபடி தோள் கொடுத்தான். முக்கினான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

"அசையல" என்றான் கடைசியில். "சனியன், அசையவே இல்ல." அவன் குரலில் மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கே இருந்ததா என்றும் தெரியவில்லை. முதுகு வலித்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஜூலையின் கடைசி வாரத்தில் படகுப் பட்டறைக்காரர்கள் நீளமான வண்டியைக் கொண்டுவந்து அடீலியாவைத் தூக்கிப்போய், ஆறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீரில் விட்டார்கள். அங்கிருந்து எங்கள் மிதவை தொலைவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு குடாவுக்குள் வர வேண்டும். பாய் விரிக்காமல் இன்ஜினிலேயே போனேன். தென்மேற்குக் காற்று மதியத்துக்குமேல் வழக்கம்போல் ஏறியிருந்தது. ஆரின் பக்கவாட்டுப் பலகையில், கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், டாக்டர் வீட்டில் காத்திருக்கும் பையன் போல.

"எதுக்குக் கைய அப்படி வெச்சிருக்க?"

"இதுங்க ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது. அதான் மேல உட்கார்ந்திருக்கேன்."

எங்கள் மிதவை கண்ணில் பட்டது. யாரோ அதைக் கழுவி, எங்கள் பெயருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். கிளேட்டனாகத்தான் இருக்கும். காற்றுக்கு நேராகப் படகைத் திருப்பினேன், கியரை எடுத்தேன், வேகம் தானாகக் குறையவிட்டேன். சக்கரத்தை நேராக்கினேன். திருகுப்பிடியை முறுக்கினேன். கையை எடுத்தேன்.

சக்கரம் நின்றது.

கொக்கிக் கழியோடு முன்னால் நடந்தேன். ஒவ்வோர் அடியிலும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. அணியத்தில் மண்டியிட்டுக் கழியை நீட்டியபோது ஒரு காற்று அடித்தது. மிதவை ஒரு கை நீளத்துக்கு அப்பால் வழுக்கிப் போயிற்று. தனி ஆள் என்றால் இன்னும் மெதுவாக, இன்னும் நெருங்கி வந்திருக்க வேண்டும். மெரில் அந்த ஒரு கை நீளத்தைச் சக்கரத்திலேயே சரிசெய்துவிடுவார். நான் கவனித்ததே இல்லை.

பரவாயில்லை, சுற்றி வரலாம். பின்னால் வந்தேன், கியரைப் போட்டேன், சக்கரத்தைத் திருப்பினேன். திரும்பவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். கல் மாதிரி நின்றது. படகு முன்னே நகர ஆரம்பித்துவிட்டிருந்தது. நேர் எதிரில் கிளேட்டனின் படகு, அதன் மிதவையில். கிளேட்டன் உள்ளே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான்.

"வெர்னா!" ஆரின் எழுந்துவிட்டான். "திருப்பு! திருப்பு!"

"திரும்பல! உள்ள மாட்டிக்கிச்சு. சங்கிலி!" பிரேக் வேலையில் சங்கிலியை ஒரு பல் தள்ளிவிட்டேன், எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவன் கைகள் சக்கரத்துக்கு வந்துவிட்டன. ஒரு விரல்கடை தூரம்.

"தொடாதே!"

"மோதப் போறோம்!"

"தொடாதே ஆரின்!"

அவன் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. அவற்றுக்குக் கீழே, தூணின் பக்கத்தில், நான் என் கையால் முறுக்கிவைத்த திருகுப்பிடி இருந்தது. எங்கள் படகில் அந்த பிரேக் ஒரு நாளும் பிடித்ததில்லை. பிடிக்காத ஒன்றை விடுவிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தளர்த்தினேன். சக்கரம் வெண்ணெயில் கத்தி போலச் சுற்றியது. அடீலியா கிளேட்டனின் படகை உரசாமல், அவன் கூண்டுகளிலிருந்த பழைய மீனின் நாற்றம் முகத்தில் அடிக்கும் தூரத்தில் விலகிப் போயிற்று. கிளேட்டன் பிரஷ்ஷோடு நிமிர்ந்தான்.

"மிசஸ் ஹாட்ச்! என் படகுச் சாயம் இன்னும் காயல!"

"புத்தகத்தைக் கொண்டாந்து கொடு, அப்புறம் பேசலாம்!" என்று கத்தினேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

குடாவின் நடுவுக்கு வந்து கியரை எடுத்தேன். படகு சும்மா ஆடியது. ஆரின் மறுபடி உட்கார்ந்துவிட்டான், முகம் வெளுத்து.

"இது முடியலேங்கற கணக்குல வருமா?" என்று கேட்டான். பந்தயத்தில் ஜெயிக்க நினைக்கிறவன் கேட்கிற மாதிரி இல்லை.

"நீ தொட்டியா?"

"தொடல."

"அப்ப இன்னொரு சுத்து."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு அப்போது வேண்டியிருந்தது என் கட்டில் ஒன்றுதான். சக்கரத்தை அவனிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றால் அடுத்த நிமிடம் கட்டி முடித்துவிடலாம். வீட்டுக்குப் போகலாம். பலகையை அவன் நல்ல எழுத்தில் எழுதுவான். மிதவைக்கு வரிசையில் நிற்கும் அந்த வக்கீல் நல்ல மனிதராகவே இருக்கக்கூடும். கையைத் திருகுப்பிடியின் மேல் வைத்து, ஒரு முறை முறுக்கி, ஒரு முறை தளர்த்திப் பார்த்தேன். முறுக்கினால் நிற்கிறது. தளர்த்தினால் போகிறது. இரண்டையும் செய்ய வேண்டும், இரண்டும் என் வேலை. கியரைப் போட்டேன்.

இந்த முறை மிதவை அணியத்தில் முட்டும் அளவுக்கு நெருங்கும்வரை பொறுத்தேன். முறுக்கினேன். முன்னால் நடந்தேன், ஓடவில்லை. மண்டியிட்டேன். கழியின் கொக்கி மிதவையில் மாட்டியது. கயிறு பாசி பிடித்து, கனமாக, சில்லென்று கைக்கு வந்தது. இழுத்து, அணியத்தில் கயிறு கட்டும் முளையில் சுற்றி மாட்டினேன். படகு பின்னால் சரிந்து, கயிறு இறுகி, மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நின்றது.

பழக்கத்தில் கையைத் தூக்கினேன்.

தூக்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சக்கரம் நேராக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆள் இல்லை. ஆரின் தன் இடத்தில், கையை இன்னும் தொடைக்கடியில் வைத்தபடி, அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட கையை எடுக்கவில்லை. நான் அணியத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கயிற்றைச் சரிபார்ப்பது போலப் பாவனை செய்தேன். சரிபார்க்க ஒன்றும் இல்லை.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான். "இப்ப தொடலாமா?"

"இப்ப தொடு."

நான் பின்னால் வந்து இன்ஜினை நிறுத்தினேன். அவன் அண்ணன் நின்ற இடத்தில் போய் நின்றான். இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் வைத்தான், அழுத்தினான். அசையவில்லை. பிறகு திருகுப்பிடியைத் தளர்த்தி, கோடைக்காரர்கள் செய்வது போல ஒரு விரலால் சுற்றிவிட்டான். உள்ளே எங்கேயோ மெல்லிசாக ஒரு கீச்சு கேட்டது.

"சத்தம் வருது வெர்னா" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கொஞ்சம் எண்ணெய் விடேன்."

"விட மாட்டேன்."

அவன் மறுபடி சுற்றினான். மறுபடி கீச்சு. "சத்தியமா விட மாட்டியா?"

"பலகையை எழுதிட்டியா?"

"பாதி. நல்ல பலகை, வீணாப் போச்சு." அவன் பக்கவாட்டு இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தான். "கோழிக் கூண்டுக்கு ஆகும்."

பையில் முட்டை சாண்ட்விச் வைத்திருந்தேன். நசுங்கியிருந்தது. பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தேன். கரைக்குப் போகச் சின்னத் துடுப்புப் படகை இழுக்க வேண்டும், துடுப்பு போட வேண்டும், வீட்டுக்கு நடக்க வேண்டும். எதற்கும் அவசரப்படத் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து சக்கரத்தை நேராக்கி பிரேக்கை முறுக்கினேன். பிறகு மெரிலின் பழைய கயிற்றையும் எடுத்து, அவர் கட்டுவது போலவே மேலே ஒரு கட்டுப் போட்டேன்.

"அதான் பிரேக் பிடிக்குதே" என்றான் ஆரின்.

"பிடிக்குது" என்றேன். முடிச்சை இறுக்கினேன்.